நடக்க முடிகிறவர்களின் வண்டி

கைப்பிடிகளுக்கு நடுவே ஒரு திருகு. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். முயல் பக்கம் முழுக்கத் திருப்பினாலும் மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டி. கட்டைவிரலால் ஒரு நெம்பியை அழுத்தினால் நகரும், விரலை எடுத்தால் தானே நின்றுவிடும். முன்னால் ஒரு கூடை, இருக்கைக்குக் கீழே பேட்டரி. இரவில் அறையில் சார்ஜ் போட்டால் மறுநாள் முழுக்கத் தாங்கும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் காலை வாசல் திறக்கும்போது இந்த மின்சார ஸ்கூட்டர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். இத்தனை வண்டிகளை ஒரே இடத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மருத்துவமனைகளில்கூட.

அவற்றில் வருகிறவர்களில் பலர் நடக்கக் கூடியவர்கள். படுக்கையிலிருந்து சமையலறைக்கும் காரிலிருந்து கடை வாசலுக்கும் நடக்கிறவர்கள். முழங்கால் தேய்ந்தவர்கள், இதயம் பலவீனப்பட்டவர்கள், பத்து நிமிடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், வெயில் ஏறினால் கால் சொன்னபடி கேட்காத நரம்பு நோய்க்காரர்கள். இந்த வண்டியே அவர்களுக்காகத்தான் பிறந்தது. 1968இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்கிற குழாய் வேலை ஒப்பந்தக்காரர், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய் வந்த தன் குடும்பத்தவர் ஒருவருக்காகச் செய்தது அதன் முதல் வடிவம். அதற்கு அமிகோ என்று பெயர் வைத்தார். சக்கர நாற்காலிக்கும் காலுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது, அங்கேயும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவர் ஒரு குழாய் வேலைக்காரர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிஸ்னி பூங்கா நடக்க வைப்பதற்கென்றே வரையப்பட்ட ஊர். 1955இல் கலிஃபோர்னியாவில் முதல் பூங்காவைக் கட்டும்போதே வால்ட் டிஸ்னி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தெருவின் கோடியில் கண்ணை இழுக்கிற உயரமான ஒன்றை நிறுத்திவிட்டால், பார்க்கிறவர் கால் தானாக அதை நோக்கிப் போகும். 1971இல் திறந்த ஆர்லண்டோவில் அந்த வேலையைச் செய்வது 189 அடி உயரமுள்ள சிண்ட்ரெல்லா கோட்டை. அங்கே போய்ச் சேர்வதற்கே, காரில் வருகிறவர்கள் காரை நிறுத்திவிட்டு, படகிலோ மோனோரயிலிலோ ஏறி ஏரியைக் கடக்க வேண்டும். பக்கத்துப் பூங்காவான எப்காட்டில் பதினோரு நாடுகளின் மாதிரிகள் ஓர் ஏரியைச் சுற்றி நிற்கின்றன. ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். நாள் முடிவதற்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடந்துவிடுவது இங்கே சாதாரணம். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது தெரிவதில்லை. அவர்களுடைய கால்களை மறக்கடிப்பதில்தான் இந்த இடத்தின் திறமையெல்லாம் இருக்கிறது.

எனக்கு என் கால் ஒரு நொடியும் மறந்ததில்லை. இந்தியாவில் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1978இல்தான் வந்தது. நான் அதற்கு முன்பே பிறந்து, நடை பழகிய கொஞ்ச நாளில் போலியோ என்னும் இளம்பிள்ளை வாதத்தில் வலது காலின் பலத்தை இழந்தவள். மன்னார்குடியில் எங்கள் தெருவில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் தவழ்ந்தார்கள், நான் நடந்தேன். நடந்தேன் என்பதைவிட அம்மா என்னை நடத்தினாள் என்பதே சரி. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். காலில் மாட்டும் காலிப்பரின் தோல் வார்களை இறுக்கிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கோயில் வரை போய்த் திரும்பச் சொல்வாள். விழுந்தால் எழுந்து வர மாட்டாள். எவரையும் தூக்கவும் விட மாட்டாள். தெருவே பார்த்து மெச்சியது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால்கூட, மேடைக்கு நானே நடந்து போனதற்குத்தான் கூடுதலாகக் கைதட்டினார்கள்.

எங்கள் தலைமுறையில் போலியோ வந்து நடந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் வளர்ந்தோம். நடப்பது எங்களுக்குப் போக்குவரத்து அல்ல, ஒழுக்கம். இது நம் ஊரில் மட்டும் இருந்ததும் இல்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921இல், 39 வயதில் கால்கள் செயலிழந்தன. மகனின் கையையும் இரும்புப் பட்டைகளையும் நம்பி, நடப்பதுபோல் தெரியும்படி மேடையேறப் பழகிக்கொண்டுதான் அவரால் அமெரிக்க அதிபராக முடிந்தது. சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகக் குறைவு. வாஷிங்டனில் 1997இல் அவருக்கு நினைவிடம் எழுப்பியபோதும் அந்த நாற்காலி பளிச்சென்று தெரியும்படி ஒரு சிலை வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் போராடி, பணம் திரட்டிக் கொடுத்த பிறகு, 2001இல்தான் அப்படி ஒரு சிலை வாசலுக்கு வந்தது.

ஐம்பதை நெருங்கும்போது என் நல்ல கால் தளரத் தொடங்கியது. போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி என்று மருத்துவர் சொன்னார். நோய் அழித்த நரம்பணுக்களுக்குச் சொந்தமான தசை இழைகள், பிழைத்திருக்கும் நரம்பணுக்களிடம் வந்து சேர்கின்றன. தம்பி இறந்த வீட்டில் அண்ணன் அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து வளர்ப்பதுபோல, அவை புதிய கிளைகளை விட்டு இழைகளைத் தாங்குகின்றன. பல பத்தாண்டுகள் இரட்டைச் சுமை சுமந்தபின் அந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. எவ்வளவு பாடுபட்டு நடந்தோமோ அவ்வளவும் அந்த அணுக்களின் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. மருத்துவர் தந்த அறிவுரை எளியது. நடையைக் குறையுங்கள், தசையைக் களைப்படைய விடாதீர்கள். இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014இல் போலியோ ஒழிந்ததற்கான சான்றிதழும் கிடைத்துவிட்டது. நோய் போய்விட்டதால் அது வந்தவர்களும் போய்விட்டார்கள் என்பதுபோல நாடு நடந்துகொள்கிறது. நாங்கள் இன்னும் இருக்கிறோம். முதுமைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறோம்.

அட்லாண்டாவில் இருக்கும் என் தம்பி இந்தப் பயணத்தைத் திட்டமிட்டபோது, அவன் மனைவிதான் வண்டியைப் பதிவு செய்தாள். பூங்கா வாசலிலும் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் முந்தி வருகிறவர்களுக்குத்தான், அதைப் பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. விடுதிக்கே கொண்டுவந்து தருகிற நிறுவனங்கள் ஊரில் நிறைய. "வேண்டாம்னா ஓரமா நிறுத்திடலாம் அண்ணி, கையில இருக்கட்டும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

சென்னையில் நான் தினமும் வண்டி ஓட்டுகிறவள். பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். தமிழ்நாட்டு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகத் தருகிறதே, அதே மாதிரி. அம்பத்தூரிலிருந்து அண்ணா சாலை வரை அதில் போய் வந்து பணம் ஈட்டியிருக்கிறேன். அதில் உட்காரும்போது எனக்குத் துளிக் கூச்சமும் இருந்ததில்லை. சாலையில் எல்லாரும் எதிலாவது ஏறித்தான் போகிறார்கள். எல்லாரும் நடக்கிற இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்து போவது வேறு. ஒரே உடல், ஒரே சக்கரம். சுற்றியிருப்பவர்கள் நடக்கிறார்களா, ஓட்டுகிறார்களா என்பதுதான் என்னை ஊனமுள்ளவளாகவோ சாதாரணமானவளாகவோ ஆக்குகிறது. இதை நான் ஏட்டில் படித்திருக்கிறேன். உடம்பில் உணர்ந்தது அந்தக் கோட்டைத் தெருவில்.

உட்கார்ந்து போகிறவளின் கண் மற்றவர்களுடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதுகுப்பைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும்தான் முகத்துக்கு நேரே வருகின்றன. முன்னால் போகிறவர் சட்டென்று நின்று படம் எடுப்பார். நடக்கிறவர்களுக்கு இடையில் ஒரு முழம் இடைவெளி தெரிந்தால் குழந்தைகள் அதற்குள் பாய்வார்கள். என் வண்டிக்கு முன்னால் எப்போதும் அந்த ஒரு முழம் இருந்தது. வலது கட்டைவிரல் எந்நேரமும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். தெருவில் டிராம் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். அதைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்காவிட்டால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும். இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டம் மொத்தமாக வாசலை நோக்கித் திரும்பும் அரை மணி நேரம் ஆபத்தானது. ஓரமாக நிறுத்திவிட்டு, தெரு வற்றும்வரை உட்கார்ந்திருப்பதே நல்லது. பிற்பகல் மழைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வேண்டும், நமக்கல்ல, கைப்பிடியில் இருக்கும் மின்பலகைக்கு.

என் தம்பி மகளுக்கு ஆறு வயது. முதல் நாள் காலையிலேயே கேட்டுவிட்டாள். "அத்தை, நான் உங்க மடியில ஏறிக்கவா?" ஒரு வண்டிக்கு ஒருவர்தான் என்பது விதி. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நான் உங்களுக்கு வழி விலக்கறேன்" என்று முன்னால் போய் நின்றாள். பயணம் முடியும்வரை அந்த வேலையை அவள் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பேருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடுதியிலிருந்து பூங்காவுக்குப் போகும் பேருந்து வந்து நின்றதும் ஓட்டுநர் இறங்கி வந்து சாய்தளத்தை நீட்டுவார். வண்டியில் இருப்பவர்கள்தான் முதலில் ஏற வேண்டும். உள்ளே குறுகிய இடத்தில் முன்னும் பின்னும் திருப்பி ஜன்னலோரமாக நிறுத்த வேண்டும். ஓட்டுநர் மண்டியிட்டு நான்கு மூலைகளிலும் பட்டைகளை மாட்டிப் பூட்டுவார். அதுவரை மற்ற எல்லாரும் வெயிலில் நிற்பார்கள். இரவில் பிள்ளைகள் தோளில் தூங்க, மணிக்கணக்காக நின்ற களைப்போடு காத்திருப்பவர்கள் வண்டியைக் கண்டதும் விடும் பெருமூச்சு காதில் விழும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. களைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பட்டைகள் பூட்டப்படும் மூன்று நான்கு நிமிடங்களில், ஒரு பேருந்து நிறைய மனிதர்கள் என் கால்களை ஆராய்வதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பழகவே பழகாத ஒன்று.

ஆராய்ந்தால் தெரியாது. காலிப்பர் சல்வாருக்குள் இருக்கிறது. சவாரிக்காக எழுந்து, பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தபோது பின்னால் ஓர் ஆண்குரல், அதிசயம் நடந்துவிட்டதாகச் சொன்னது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மன்னார்குடியில் நடந்ததற்காகக் கைதட்டு, இங்கே நடந்ததற்காகச் சந்தேகம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். நடக்கிறவர், நடக்காதவர் என்று உலகத்தில் இரண்டே சாதி. நாலு எட்டு வைக்கத் தெரிந்தவள் நாலாயிரம் எட்டும் வைப்பாள், வைக்காவிட்டால் அது சோம்பல் அல்லது ஏமாற்று.

ஏமாற்றும் நடந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2013இல் நியூயார்க்கின் பணக்காரக் குடும்பங்கள் சில, மாற்றுத்திறனாளி ஒருவரை மணிக் கூலிக்குக் கூட்டிக்கொண்டு போய் டிஸ்னி பூங்காவில் வரிசைகளைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் டிஸ்னி மாற்றுத்திறனாளிகளுக்கான தன் பழைய அட்டை முறையைக் கைவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு திரும்பி வரும் முறையைக் கொண்டுவந்தது. 2024இல் அதையும் பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கு என்று சுருக்கியது. இந்த வண்டியில் வருகிறவருக்கு வண்டிக்காக எந்த முன்னுரிமையும் கிடையாது. பெரும்பாலான வரிசைகள் வண்டி நுழையும் அகலத்தில் இருக்கின்றன, எல்லாரோடும் சேர்ந்து ஊர்ந்துதான் போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன். பின்னால் வந்த குரலுக்கு இது தெரிந்திருக்காது.

இந்த அகல வரிசைகளையும் சாய்தளங்களையும் பேருந்துப் பட்டைகளையும் டிஸ்னியின் மாயம் என்று நினைத்துக்கொள்வது எளிது. அங்கே எல்லாவற்றையும் மாயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் இவை போராடி வாங்கியவை. 1990 மார்ச் 12ஆம் தேதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால், சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, அறுபது பேர் போலப் படிகளில் தவழ்ந்தும் ஊர்ந்தும் ஏறினார்கள். அவர்களில் ஓர் எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். அதே ஆண்டு ஜூலை 26இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. எந்தெந்த இடங்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது. மருத்துவமனை, பள்ளி, வங்கி, கடை என்று போகும் அந்தப் பட்டியலில் கேளிக்கைப் பூங்கா என்ற சொல் வெளிப்படையாக இருக்கிறது. நான் அதைப் படித்தபோது அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கல்வியும் வேலையும் மருத்துவமும் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் நாங்கள். சந்தோஷத்தைக் கேட்டு வாங்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் எல்லாரும் ராட்டினத்துக்கு ஓடும்போது, மதிய உணவு மூட்டைகளுக்குக் காவலாக என்னை மரத்தடியில் உட்கார்த்திவிட்டுப் போவார்கள். பொறுப்பான பெண் என்று அதற்கும் பாராட்டுக் கிடைத்தது.

சட்டம் இருந்தால் போதும் என்பதும் இல்லை. கலிஃபோர்னிய டிஸ்னிலேண்டில் 2009இல் ஒரு படகுச் சவாரி பழுதாகி நின்றது. மற்றவர்களை இறக்கிவிட்டார்கள். சக்கர நாற்காலியோடு இருந்தவரை இறக்க வழி இல்லை. அரை மணி நேரம் போல அவர் அங்கேயே இருந்தார், சவாரியில் ஒலிக்கும் பாட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வழக்குப் போட்டார், 2013இல் 8,000 டாலர் தரச் சொன்னது நீதிமன்றம். ஏறுவதற்கு யோசிக்கிறவர்கள் இறங்குவதற்கு யோசிப்பதில்லை. இன்னொரு வழக்கு எனக்கு இன்னும் நெருக்கமானது. தசைச் சிதைவு நோய் உள்ள ஒரு பெண், மகளின் பிறந்தநாளுக்கு டிஸ்னிலேண்ட் போக விரும்பினார். உட்கார்ந்தால் அவரால் எழுவது கடினம். அதனால் நின்றபடி ஓட்டும் செக்வே வண்டியை அனுமதிக்கக் கேட்டார். சக்கர நாற்காலியோ உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டரோ இருக்கிறதே என்றது பூங்கா. எப்படியோ உள்ளே போய்விட முடிந்தால் போதாது, மற்றவர்கள் பெறும் அனுபவத்துக்குக் கூடிய மட்டும் நெருக்கமாக அவருக்கும் கிடைக்க வேண்டும், அதற்கு வழி உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பொருளில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு உட்கார வண்டி வேண்டும், அவருக்கு நிற்க வண்டி வேண்டும். இரண்டு சாதிக் கணக்கில் நாங்கள் இருவருமே அடங்குவதில்லை.

டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 2010இல் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்று ஒரு பூங்கா திறந்தார்கள். மாற்றுத்திறன் கொண்ட தன் மகளின் பெயரில் ஒரு தகப்பன் கட்டியது. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே கட்டணமே இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறும் ராட்டினமும், தண்ணீரில் நனையலாம் என்பதற்காகக் காற்றழுத்தத்தில் ஓடும் நாற்காலிகளும் அங்கே உண்டு. நான் போனதில்லை. போக வேண்டும்.

வண்டி எனக்கு என்ன தந்தது என்று கேட்டால், நடையைத் தந்தது என்பேன். கோட்டைக்குப் போகும் தூரத்தை அது எடுத்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தின் தூரத்தை, கழிப்பறையின் தூரத்தை, வரிசையின் தூரத்தை எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த எட்டுகளை நான் விரும்பிய இடத்தில் வைத்தேன். எப்காட்டில் ஜப்பான் தோட்டத்தின் குளக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, தம்பி மகளின் விரலைப் பிடித்துக்கொண்டு மீன்களைப் பார்க்க மெதுவாக நடந்தேன். வாழ்நாளெல்லாம் போய்ச் சேர்வதற்காகவே நடந்திருக்கிறேன். போய்ச் சேர வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் நடந்தது அன்றுதான். மாலையில் களைப்பு இருந்தது. ஆனால் இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்து பேசவும் சிரிக்கவும் தெம்பு மிச்சமிருந்தது. இத்தனை வருடங்களில் வீட்டுக்கு வந்ததும் நான் எவருடனும் பேசாமல் படுத்துவிடுவேன். எரிச்சல்காரி என்று அதற்குப் பெயர்.

அன்றிரவு தம்பி அம்மாவை வீடியோவில் அழைத்தான். அவன் எடுத்த படங்களை ஏற்கெனவே அனுப்பியிருந்தான்போல. அம்மா நேரே கேட்டாள்.

"என்னடி அது வண்டி? நடக்க முடியலியா?"

"முடியுதும்மா. நடக்கல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவளுடைய மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு எத்தனை விடியல்களை அவள் என் காலுக்குக் கொடுத்திருக்கிறாள். அன்று மன்னார்குடியில் சாய்தளம் இல்லை, தாழ்தளப் பேருந்து இல்லை, சட்டம் இல்லை. நடக்காத பெண்ணுக்கு எதிர்காலமே இல்லாத ஊரில் அவள் செய்ததைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? அவள் எனக்குத் தந்த நடையை நான் வீசி எறியவில்லை, இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இதை ஃபோனில் சொல்ல முடியவில்லை.

சென்னைக்கு வந்தபின் சொன்னேன். கூடவே மெரினாவைப் பற்றியும். அங்கே 2022 நவம்பர் 27இல் மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், சாலையோரத்திலிருந்து மணலைத் தாண்டிக் கடல் பக்கம் வரை. அதற்கு முன்னால் பெரும்பாலும் சர்வீஸ் சாலையில் நின்று கடலை ஒரு கோடாகத்தான் எங்களால் பார்க்க முடிந்தது. திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. சரிசெய்தார்கள். நம் ஊரில் அரசு எங்களுக்கென்று கட்டியவற்றில், பயன் எதுவும் இல்லாமல் வெறும் சந்தோஷத்துக்காக மட்டும் கட்டியதாக நான் முதலில் பார்த்தது அதைத்தான். அதனால்தான் அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அம்மாவை அங்கே கூட்டிப் போகிறேன் என்றேன்.

"நீ சக்கர நாற்காலியில வா. நான் பக்கத்துல நடந்து வரேன்" என்றாள்.

எண்பதைத் தாண்டிய அவள் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியும். படி இறங்கும்போது சுவரில் பதியும் அவள் கையையும் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இரண்டு சக்கர நாற்காலி கேட்பதாக இருக்கிறேன்.